ஊசியை எடுக்கும் வரை

தட்டில் ஒரு சொட்டு கேட்டது.

நவீன்குமார் உப்புமாவில் வைத்த கையை அப்படியே நிறுத்தினான். சுழலும் கறுப்பு இசைத்தட்டிலிருந்து பம்பை மேளம் நாலு அடி அடித்தது, மறுபடி அதே நாலு அடி, மறுபடியும் அதே நாலு; மூன்றாம் அடிக்கும் நாலாம் அடிக்கும் இடையில் இருந்த சின்னச் சந்தில், பிழியாமல் கொடியில் போட்ட புடவையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுகிற மாதிரி, கனமான ஒரு சொட்டு. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. நாள் கணக்காக விடாமல் பெய்யும் கார்த்திகை மழைக்குத் தளம் எங்கேயாவது வாயைத் திறந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தான். ஈரத்தின் சுவடே இல்லை. திரும்பி வந்து ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்தான். சொட்டு உள்ளேதான் விழுந்துகொண்டிருந்தது.

“தட்டு அடிச்சவனுங்க வேலையக் காட்டிட்டானுங்க,” என்றான் யாருமில்லாத வீட்டில்.

செங்கத்தில் புளி மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அவன். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி இழுத்து மோந்து பார்த்தே, இதில் எவ்வளவு கொட்டை, எவ்வளவு நார், எடை ஏற்றுவதற்காக எங்கே தண்ணீர் தெளித்திருக்கிறான் என்று சொல்லிவிடுகிற வம்சம். அப்பா இன்னும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். எதிரில் நிற்பவன் முகம் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பார். மகன் அந்த மோப்பத்தையெல்லாம் காதுக்கு மாற்றிக்கொண்டு மலையேறிவிட்டான்.

அவன் சரக்கு ஜங்கிள். ட்ரம் அண்ட் பேஸ் என்றும் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு முன் லண்டன் பக்கத்து அடித்தள அறைகளில் கிளம்பி இன்னும் சாகாமல் இருக்கிற இசை. பழைய ட்ரம் வாசிப்பு ஒன்றில் நல்ல துணுக்காகப் பார்த்து வெட்டியெடுத்து, வேகத்தை ஏற்றி, நறுக்கி, தாறுமாறாக அடுக்கி, அடியில் வயிற்றைக் கலக்குகிற பேஸை ஓடவிட வேண்டும். அதையும் வினைல் தட்டில்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிற கிறுக்கர்கள் பிரிஸ்டலிலும் பெர்லினிலும் ஒசாகாவிலும் உண்டு. ‘மண்டி ரெக்கார்ட்ஸ்’ என்று பலகை இல்லாத கடை ஒன்று வைத்து, அவர்களுக்குப் புதூர்நாட்டிலிருந்து தபாலில் தட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். “ஜவ்வாது மலையில குந்திக்கினு ஜங்கிள் விக்கிறான்,” என்று செங்கத்தில் ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். இதுவரை விற்றது அடுத்தவன் தட்டு. சுழன்றுகொண்டிருப்பது அவனே செய்த முதல் தட்டு.

ஆலையில் முந்நூறு தட்டு அடிப்பதற்கு முன்னால் வெள்ளை லேபிளோடு நாலைந்து மட்டும் அடித்து அனுப்புவார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால்தான் இயந்திரம் ஓடும். ஏ பக்கம் பழுதில்லை. பி பக்கமும் பழுதில்லை. பி பக்கத்தின் கடைசியில்தான் அவன் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான்: பாட்டு முடிந்தபின் ஊசி ஒரு வட்டத் தடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். லாக் க்ரூவ். யாராவது கையால் தூக்கும்வரை அந்த ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி நாலு அடி பம்பையை அடித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கில் செதுக்கிய ஒற்றைச் சுற்று. இந்தச் சுற்றில் இருப்பதுதான் அடுத்த சுற்றிலும் இருக்க முடியும்.

அதுதான் எரிச்சல். நேற்று மாலையிலிருந்து இந்தத் தடம் ஓடுகிறது. ஊசி தாண்டுகிறதா என்று பார்க்க நாள் பூராவும் ஓடவிட்டுத்தான் ஆகவேண்டும். நேற்றெல்லாம் சொட்டு இல்லை.

காலையில் ஜீப்புக்குக் கிளம்பும்போது அவன் மனைவி கீதாஞ்சலிகூட இந்த ஓட்டத்தைப் பற்றித்தான் முணுமுணுத்தாள். அவளுக்குப் புதூர்நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. திருப்பத்தூரில் இன்று மீட்டிங்.

“வெடிய வெடிய அந்த நாலு அடியயே சுத்த வுட்டுக்கினு இருக்கீங்க. யாரயோ கூப்ட்டு கூப்ட்டு, அவங்க திரும்பியே பாக்காத மாதிரி இருக்குதுங்க.”

“டெஸ்ட்டு கீதா. தாண்டாம நின்னாத்தான் சரக்கு நல்ல சரக்கு.”

“இன்னா சரக்கோ. நான் திரும்பி வர்றதுக்குள்ள எடுத்துருங்க. வர்றப்போ இது ஓடிக்கினு இருந்துச்சு, உங்களயும் சேத்து வெளிய வெச்சிருவேன்.”

குடையை விரித்துக்கொண்டு சிரித்தபடிதான் போனாள்.

புதூர்நாட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, வடகிழக்கு மூலையில், ஏறக்குறைய ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். வீட்டில் ஒரு கோடு எப்போதாவது வரும், உடனே போகும். நவீன்குமார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேடேறி, பெங்களூரில் தட்டு ஆலையில் வேலை பார்க்கும் பெல்வினைப் பிடித்தான். பெல்வின் கலசப்பாக்கத்துப் பையன். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன்.

“சொட்டா? இன்னா சொட்டு?”

“தண்ணி சொட்டுடா. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல.”

“மச்சி, எங்கிட்ட ஒரு காபி கீது. இப்பத்தான் கேட்டேன். கண்ணாடி மாதிரி கீது.”

“அப்ப எனக்கு மட்டும் ஸ்பெஷலா அடிச்சியா?”

“தூசிடா. கழுவு. கலசப்பாக்கத்துக்காரன் சொன்னா செங்கத்துக்காரனுக்கு ஏறாதே. இத பாரு, சாயங்காலம் மிஷின் உனக்குன்னு வெச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள ஓகே சொல்லலன்னா பக்திப் பாட்டுக்காரன் ஏறிடுவான். அப்புறம் பொங்கல் தாண்டித்தான் உனக்கு.”

பொங்கல் தாண்டினால் ஒசாகாக்காரன் மெயிலிலேயே கடித்துத் துப்புவான். நவீன்குமார் திரும்பி வந்து தட்டை எடுத்து, சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் கழுவி, பூந்துணியால் ஒற்றி, காயவைத்து, ஊசியையும் சின்னத் தூரிகையால் வருடிவிட்டு மறுபடி ஓடவிட்டான்.

இரண்டு சொட்டு.

ஒன்று முன்பு விழுந்த இடத்தில். இன்னொன்று கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மெல்லியதாக, வேறொரு துணியிலிருந்து விழுகிற மாதிரி.

ஆலை அனுப்பிய இரண்டாவது தட்டை உறையிலிருந்து உருவிப் போட்டான். அதிலும் இரண்டு. லேப்டாப்பில் இருந்த மூலக் கோப்பை ஓட்டினான். பம்பை மட்டும் இருந்தது. ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஹெட்போன் மாட்டிக் கேட்டான். ஹெட்போனில் கேட்டிருக்க வேண்டாம். சொட்டுகளுக்குப் பின்னால், காதுக்குள்ளேயே வெகு தூரத்தில், யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். செருப்பில்லாத கால். சேற்றிலிருந்து பிடுங்குகிற சத்தத்தோடு ஒரு எட்டு, அப்புறம் ஒரு எட்டு. ஒரு சுற்றுக்கு ஒரு எட்டுதான். ஆனால் அடுத்த சுற்றில் அது முன்பைவிட ஒரு எட்டு கிட்டத்தில் இருந்தது.

மாறாத தடம் அது. மாற முடியாத தடம்.

ஹெட்போனைக் கழற்றி வீசினான். பயம் என்று சொல்ல மாட்டான், கடுப்பு. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சந்தையில் நிற்கிற கடுப்பு. கேபிளைப் பிடுங்கி வேறு கேபிள் போட்டான், ஆம்ப்பை நகர்த்தினான், ஊசிக்கையின் எடையைக் கூட்டினான், குறைத்தான், எர்த் கம்பியைத் தரையில் போட்டு மிதித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. இவ்வளவுக்கும் நடுவே தட்டு நிதானமாகச் சுற்றிக்கொண்டு, முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி, சொட்டு, நாலாம் அடி என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் போல, வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா மாதம்மாள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். தலையில் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

“இன்னா தம்பி நீ, வூட்டுக்கு வந்தவங்கள மழையில நிக்க வெச்சிக்கினு உள்ள பாட்டு கேக்குற?”

“யாரும் வரலியே, மா.”

“கேட்டாண்ட நிக்கிறாங்களே ஒரு பொம்பளப்புள்ள. உங்க ஜனந்தான் போல, மூக்கு உன்ன மாதிரியே கீது. யாரும்மான்னேன். கூப்ட்டாங்க, வந்தேன்னுது.”

நவீன்குமார் கேட்டைப் பார்த்தான். பலா மரம், மழை, சாத்திய கேட்டு.

“இப்பத்தான் இருந்துச்சு,” என்றாள் மாதம்மாள். “குளிச்சிட்டு துவட்டாமயே வந்த மாதிரி இருந்துச்சு பா. கால்லேர்ந்து தல வரைக்கும்.”

கேட்டருகே போனான். கம்பியைப் பிடித்தபோதுதான் அந்த வாடை வந்தது. மழை வாடை இல்லை. வெயிலே படாத கிணற்றின் அடியில் கிடக்கும் பாசி, அதன்மேல் நேற்றைய மல்லிகை.

அந்த வாடை அவனுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைப்பார்கள். வீட்டில் சாகக்கூடாத வயதில் செத்துப்போன பெண் யாராவது இருப்பாள். அவளை நீர்க்கரையில் போய்ப் பம்பை அடித்துக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்து, புடவையும் பூவும் படைத்து, வயிறு குளிர வைத்து, திருப்பி அனுப்புவார்கள். நவீன்குமார் வீட்டில் அது அப்பாவின் தங்கை சாந்தம்மாள். தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றுக்குள் போய்விட்டாள். அவன் கல்யாணத்துக்கும் கிணற்றங்கரையில் அழைத்தார்கள். குப்பன் என்கிறவர்தான் பம்பை. அவர் நாலு அடி அடித்து, நிறுத்தி, “சாந்தம்மா, வூட்டுக்கு வா” என்று பெயரைச் சொன்னார். மறுபடி நாலு அடி. மறுபடி பெயர். கிணற்றுப் பக்கமிருந்து அந்த வாடை கிளம்பியபோது அத்தைமார்கள் குலவை போட்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றபடியே நவீன்குமார் அதை ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நாலு அடியைக் கேட்ட கணமே அவனுக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிட்டான்: இந்தத் துணுக்குக்குப் பிரிஸ்டலில் அடித்துக்கொள்வான்கள்.

வேண்டியது கிடைத்ததும் ரெக்கார்டரை அணைத்துவிட்டான். வீட்டு வாசலில் குப்பன் வெகு நேரம் அடித்த அடி வேறு. அவளை உட்காரவைக்கிற அடி, திருப்பி அனுப்புகிற அடி. அதெல்லாம் மந்தம், ஆட்டத்துக்கு உதவாது. அப்புறம் லேப்டாப்பில் உட்கார்ந்து, புளியில் கொட்டையும் நாரும் எடுக்கிற மாதிரி, நாலு அடிக்கு நடுவில் இருந்த குரலையும் எடுத்துப் போட்டான். ஆள் குரல் இருந்தால் மற்ற தட்டோடு கலந்து ஓட்ட முடியாது. இந்தத் தொழிலில் யாரும் செய்வதுதான். அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டான். பெயர் இல்லை. அனுப்புகிற அடி இல்லை. முடிவும் இல்லை.

கேட்டுக் கம்பியை விட்டான். “போடா,” என்று தனக்கே சொல்லிக்கொண்டான். “மாதம்மாளுக்குக் கண்ணு சரியில்ல.”

கரண்ட் போனது. இன்வெர்ட்டர் டக்கென்று ஏற்றுக்கொள்ள, தட்டு ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. பழைய பேட்டரி, மாற்ற வேண்டும் என்று கீதாஞ்சலி தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே போய் ஊசியைத் தூக்கிவிட்டிருக்கலாம். அப்போதே தூக்கியிருக்கலாம். ஆனால் கழுவவும் மாற்றவும் தூக்கியதிலேயே ஒரு நாள் ஓட்டம் துண்டுபட்டிருந்தது; இன்னொரு முறை தூக்கினால் அதைச் சோதனை என்றே சொல்ல முடியாது; நாலு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் நாயாய் அலைந்து செய்த தட்டை, ஒரு பம்பைச் சத்தத்துக்கும் ஒரு கிழவியின் பேச்சுக்கும் பயந்து பக்திப் பாட்டுக்காரனிடம் விடுவதா? சொட்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெர்லின்காரன் அதையும் ரசனை என்பான்.

மேடேறினான். மழை நின்று மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பகலிலேயே வெளிச்சம் வடிந்து, பனி எதையெல்லாம் தின்னலாம் என்று கீழிருந்து ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்று அனுப்பினான்: ‘ஓகே. அடி.’

போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு டிக் விழுந்தது. அப்போதுதான் ரோட்டைப் பார்த்தான்.

ரோட்டோரம் ஜனங்கள் நின்றார்கள். ஜீப்புக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தான். ஆனால் அந்த வளைவில் ஜீப் நிற்காது. குடை இல்லை. மூட்டை இல்லை. ஒரு வயசாளி. பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பொடிசு. தோளில் வலையோடு ஒரு ஆள். இடையிடையே பெண்கள். எல்லோருடைய துணியும் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. யாரும் ஜீப் வருகிற திசையைப் பார்க்கவில்லை. அவன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே, எல்லோரும் சேர்ந்து, ஒரு எட்டு எடுத்து வைத்தார்கள். நின்றார்கள். மறுபடி ஒரு எட்டு.

இங்கே பம்பைச் சத்தம் கேட்காது. கேட்காவிட்டாலும் அந்தத் தாளம் அவனுக்குத் தெரிந்தது.

கையில் செல்போன் அதிர்ந்தது. கீதாஞ்சலியின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியில் ஒரு குரல் செய்தி. காதில் வைத்தான். பின்னால் ஜீப்பின் உறுமல், அதற்கும் பின்னால் பெருந்தண்ணீர்.

“இன்னாங்க, போனே எடுக்க மாட்டீங்களா? தரப்பாலத்து மேல தண்ணி போவுது. ராஜவேலு அண்ணன் ஜீப்ப ஓட்டிக்கினு போய்டலாம்னு சொல்றாரு. எறங்கி நடக்கலாம்னா யாரும் கேக்கல.” கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். பிறகு அவள் குரல், குழம்பினாற்போல: “இன்னும் அந்தப் பம்பய நிறுத்தலையா நீங்க? இங்க வரைக்கும் கேக்குதுங்க.”

பாலம் மலைக்குக் கீழே, மைல் கணக்கில் தள்ளி இருக்கிறது.

ஓடினான். சாக்கு விழுந்தது. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஓடும்போது அவளுக்கு அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. பெயர் சொல்லாத பம்பை அழைப்பு. தன்னையும் அறியாமல் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு ஓடினான். பெயர் சொன்னால் ஒருத்தி வருவாள். பெயர் சொல்லாவிட்டால்? தண்ணீரில் போனவர்களில் யாரும் கூப்பிடாதவர்கள் எத்தனை பேர்? நேற்று மாலையிலிருந்து எத்தனை முறை?

வீட்டுக்குள் வாடை நிறைந்திருந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது சொட்டுகளை எண்ண முடியவில்லை. அடிகளுக்கு நடுவில் மழையே பெய்தது. ஊசிக்கையை நோக்கிக் கையை நீட்டினான்.

“இன்னாங்க.”

வாசலில் கீதாஞ்சலி நின்றிருந்தாள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “உன்ன... போன் பண்ணிக்கினே கீறேன்! எப்ப வந்த? ஜீப்பு சத்தமே கேக்கல?”

“கூப்ட்டீங்களே,” என்றாள்.

நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கைப்பை வாரில் ஒரு முள் கொப்பு சுற்றியிருந்தது. புடவைத் தலைப்பின் நுனியில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி.

சொட்டு விழுந்தது.

நாலாம் அடி.

அவன் அடுத்த சுற்றைப் பார்த்தான். அதற்கடுத்த சுற்றையும். ஒரு முறைகூடத் தப்பவில்லை.

மெல்ல நடந்து போய் அவள் கையைப் பிடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை மட்டும் பிடித்தான், அப்பா பிடிக்கிற மாதிரி. தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகக்கண்ணில் மணல். குளிர் இல்லை; குளிருக்கும் அடியில் ஏதோ ஒன்று.

விரல் பொய் சொல்லவில்லை.

பின்பக்கமாகவே நகர்ந்து தட்டருகே வந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊசியைத் தூக்கினான்.

நிசப்தம். கண்ணைத் திறந்தபோது வாசலில் யாருமில்லை. நிலைப்படிக்கு வெளியே ஒரு சின்னக் குட்டை. செருப்புத் தடம் ஒன்று, வெறுங்கால் தடம் ஒன்று. மாதம்மாள் வீட்டுப் பக்கம் யாரோ ஓடிவந்து கத்தினார்கள்: ஜீப்பு. பாலம். ஒருத்தரும் இல்ல. ஒருத்தரும்.

அவன் நின்றான். ஊசிக்கை விரலில் தொங்கியது. இப்படியே விட்டுவிடலாம். எல்லோரும் போய்விட்டார்கள். எல்லோரும்.

கீதாவும்.

ஊசியை இறக்கினான்.

முதலில் யாருமில்லை. பிறகு கேட்டருகே. பிறகு பலா மரத்தடியில். ஒரு சுற்றுக்கு ஒரு எட்டு. அவளுக்குப் பின்னால் பனிக்குள் மற்றவர்களும். வலைக்காரன். பொடிசு. வயசாளி. அவன் மூக்கைப் போலவே மூக்குள்ள ஒரு பெண். முற்றம் நிறைந்தது. கேட்டு நிறைந்தது. ரோடு நிறைந்தது. உதடுகள் அசைந்தன; வெவ்வேறு குரலில் ஒரே கேள்வி: “என்னயா கூப்ட்ட? என்னயா?”

கீதாஞ்சலி நிலைப்படியில் நின்றாள். சொட்டு.

“உள்ள வரட்டுமாங்க?”

அவளை மட்டும்தான் பார்த்தான். அவளிடம்தான் சொன்னான்.

“வா.”

பெயரைச் சொல்லவில்லை.

எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

மேசையில் கிடந்த செல்போனில் எப்போதாவது வருகிற அந்த ஒரு கோடு வந்து, வெளிச்சம் மின்னியது. பெல்வின்: ‘மிஷின் ஓட ஆரம்பிச்சாச்சு மச்சி. பாதிக்கு மேல அடிச்சாச்சு. ஒண்ணு சொல்லணும், இங்க தரையெல்லாம் தண்ணி, எங்கேர்ந்துன்னே தெரில.’ வெளிச்சம் அணைந்தது. இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. சிவப்பு விளக்கு. கூவல் நீண்டது. இழுத்தது. நின்றது.

தட்டு வேகம் குறைந்தது. பம்பை தாழ்ந்து, கனத்து, முனகலாகிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீதாஞ்சலியின் தோள், அவன் தோளிலிருந்து லேசாகிக்கொண்டே போனது.

நவீன்குமார் சுட்டுவிரலைத் தட்டின் லேபிள்மேல் வைத்துச் சுற்றினான். ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆனாலும் ஊசி முனையில், ஒரு பூச்சி பேசுகிற அளவுக்கு, நாலு அடி கேட்டது. தோள் மறுபடி கனத்தது. ஈரமான தலை வந்து அவன் கழுத்தில் சாய்ந்தது.

வெளிச்சம் முழுக்க வடிந்துவிட்டது. அறையில் நிற்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். கணுக்கால்வரை தண்ணீர். விரல் வலித்தது. சுற்றினான்.

மூன்றாம் அடி. அறை முழுக்கச் சொட்டு. நாலாம் அடி.

சுற்றினான்.